ஊர் குறிக்காத பஞ்சாங்கம்

திருகோணமலை நகரக் கடைகளில் இவ்வாண்டு விற்பனைக்கு வந்துள்ள திருக்கணித பஞ்சாங்கங்களுள் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அச்சு தெளிவாக உள்ளது. திதியும் நட்சத்திரமும் முடியும் வேளைகளை நாழிகையிலும் மணியிலும் அருகருகே தந்திருப்பதால், நாழிகைக்கு 24 நிமிடமென்று பெருக்கிப் பார்க்கும் வேலை மிச்சமாகிறது. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்கள் சிவப்பு மையில் உள்ளன. கட்டு உறுதி; விளம்பரப் பக்கங்கள்தாம் மிகுதி.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. சூரிய உதயம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்ற குறிப்பு நூலில் எங்குமே இல்லை. உதய நேரங்களைப் பார்த்தால் அவை யாழ்ப்பாணத்துக்கு உரியவை போலத் தெரிகின்றன. யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 1.2 பாகை தள்ளியிருக்கும் திருகோணமலையில் சூரியன் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முந்தி உதிக்கிறது. திதி முடியும் கணம் இலங்கை முழுவதற்கும் ஒன்றே. ஆனால் உதயத்திலிருந்து எண்ணும் நாழிகையும், உதயத்தை வைத்துக் கணிக்கும் இராகுகாலமும் ஊருக்கு ஊர் மாறும். விடியும் வேளையை ஒட்டித் திதி மாறும் நாளில் இந்த ஐந்து நிமிடமே விரத நாளைக்கூட மாற்றிவிடலாம்.

இவ்விடத்தில் ரியூக்யூ அரசு செய்ததைச் சொல்லத் தோன்றுகிறது. இன்று ஜப்பானின் பகுதியான ஒகினாவாவை ஆண்ட அச்சிற்றரசு சீனப் பேரரசரின் நாட்காட்டியையே பின்பற்றவேண்டியிருந்தது. அதுவோ உரிய காலத்தில் கடல் கடந்து வந்து சேர்வதில்லை. ஆகவே குமே என்ற ஊரைச் சேர்ந்த சாய் சோகோ என்னும் அறிஞர் 1678இல் சீனாவின் ஃபூசோ நகருக்குச் சென்று, சிங் அரசு 1645இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டிக் கணித முறையை நான்கு ஆண்டுகள் பயின்று திரும்பினார். பிற்காலத்தில் ரியூக்யூவில் அச்சான நாட்காட்டியின் முகப்பில், இது நாட்டின் நாட்காட்டி அலுவலர் தற்காலிகமாக அச்சிட்டது, பேரரசரின் நாட்காட்டி வந்து சேர்ந்ததும் அனைவரும் அதையே கொள்க என்று எழுதியிருந்தார்கள். பேரரசருக்குப் பணிந்து எழுதியதுதான்; என்றாலும், கையிலிருப்பது யார் கணக்கு, எதுவரை செல்லும் என்பது வாங்கியவருக்குத் தெரிந்தது. இந்நூலின் பதிப்பாளரிடம் நான் எதிர்பார்ப்பதும் அப்படி ஒரு வரியைத்தான்.

நாளும் நட்சத்திரமும் பார்க்க மட்டும் வேண்டுவோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். முகூர்த்தம் குறிப்போர் உதயத்தைத் திருகோணமலைக்குத் திருத்திக்கொண்ட பின்னரே பயன்படுத்தவேண்டும். கோணேசர் கோயில் விரதங்களுக்குக் கோயில் அறிவித்தலையே பார்த்துக்கொள்வது நல்லது.