டவர் கதிரைத் தடுக்கும் பெட்டி விற்க வருகிறார்கள், கவனம்

கோபி, அந்தியூர், பெருந்துறை பக்கம் தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு பேர் வருகிறார்கள். கழுத்தில் அட்டை, கையில் மீட்டர். "செல்போன் டவர் கதிர்வீச்சு சர்வேங்க" என்பார்கள். சர்வேயும் கிடையாது, ஒன்றும் கிடையாது. விற்க வருகிறவர்கள். எங்கள் வீட்டில் 18,500 ரூபாய் போய்விட்டது.

நான் அன்றைக்குத் திருப்பூரில் கம்பெனியில் இருந்தேன். வீட்டில் அம்மாவும் என் மகளும் மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் டவர் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். "ஏனுங்கம்மா, ராத்திரி தூக்கம் நல்லா வருதுங்களா?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "வயசானா தூக்கம் எங்க சாமி வருது" என்று அம்மா சொல்ல, அவர்களுக்கு அது போதும். முட்டி வலி, தென்னையில் குரும்பை கொட்டுவது, மாடு பால் குறைந்தது என்று எல்லாப் பழியும் டவர் மேல் விழுந்தது. சொசைட்டியில் பால் குறைவாக ஊற்றிய நாளெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டதாம்.

அப்புறம் மீட்டர் வித்தை. ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எண் ஏறுகிறது, மீட்டர் கத்துகிறது. கரண்ட் ஓடும் இடத்தைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம் இருக்கத்தான் செய்யும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் எண் சரசரவென்று இறங்கிவிடும். அதற்கும் டவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ்வளவு நேரம் இருந்தவர்கள் டவர் இருக்கும் திசையில் மட்டும் மீட்டரை நீட்டவே இல்லை என்று என் மகள் சொன்னாள்.

அம்மாவை விழ வைத்தது அடுத்த வேலைதான். அம்மாவின் போனில் ஒரு நம்பருக்கு அழைத்து, மீட்டரைப் பக்கத்தில் பிடித்தார்கள். எண் உச்சத்துக்குப் போனது. உடனே போனின் முதுகில் தங்க நிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். எண் விழுந்தது. பார்க்கிறவர் யாரானாலும் நம்பத்தான் செய்வார். ஆனால் அழைப்பு தொடங்கும் நொடிகளில் போன் அதிக சக்தியில் அலையை அனுப்பும், இணைப்பு கிடைத்ததும் தேவையான அளவுக்குத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்துக்குள் அது நடந்துவிடுகிறது. கோவையில் மின்னணு வேலை பார்க்கும் நண்பனிடம் மீட்டர் வாங்கி, ஸ்டிக்கரே இல்லாமல் செய்து பார்த்தேன். அதே மாதிரி ஏறி, அதே மாதிரி இறங்கியது.

உண்மையிலேயே அலையைத் தடுக்கிற ஸ்டிக்கராக இருந்தாலும் நமக்கு நஷ்டம்தான். சிக்னல் குறைந்தால் டவரை எட்டுவதற்காகப் போன் இன்னும் அதிக சக்தியைச் செலவழிக்கும். இந்த மாதிரித் தடுப்புகள் பற்றி அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது.

பிளக்கில் மாட்டும் வெள்ளைப் பெட்டிகள் இரண்டு, ஒன்று 7,500 ரூபாய். ஸ்டிக்கர் ஐந்து, ஒன்று 700 ரூபாய். அதில் ஒன்றைக் கட்டுத்தரைத் தூணில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாட்டுக்காக! பெட்டியை ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தோம். பச்சை எல்இடி ஒன்று, ஒரு ரெசிஸ்டர், கனம் காட்ட ஒரு பொட்டலம் மணல்.

இலவசம் என்று மகள் கழுத்தில் ஒரு கறுப்புப் பதக்கத்தையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜி அலையிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பதக்கம், வளையல் போன்ற 10 பொருட்களிலிருந்தே அயனியாக்கும் கதிர்வீச்சு வருகிறது, போடாதீர்கள் என்று அறிவித்தது. அயனியாக்கும் என்றால் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பது. செல்போன் அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அந்தப் பதக்கங்களிலிருந்து வந்தது அதைவிட மோசமான வகை, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடப்பது வேறு. மகளின் பதக்கத்தை அன்றைக்கே கழற்றிவிட்டேன். உங்கள் வீட்டுக் குழந்தை கழுத்தில் இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

லேமினேட் செய்த தாள் ஒன்றும் காட்டுவார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளைப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது என்று இருக்கும். அது உண்மைதான். சேர்த்தது 2பி பிரிவில், அதாவது 'இருந்தாலும் இருக்கலாம்' என்கிற அளவில். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரோ உறுதியாகப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் இருக்கிறது. அதைத் தாளில் போட மாட்டார்கள்.

டவர் பயம் உண்மையாகவே இருந்தால் கேட்க வேண்டிய இடம் அரசின் தொலைத்தொடர்புத் துறை. 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் ஊர் டவரைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி அளக்கச் சொல்லியும் கேட்கலாம். போனிலிருந்து உடல் வாங்கும் அலைக்கு வரம்பு, உடல் திசு கிலோவுக்கு 1.6 வாட். பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அந்தப் போனின் அலை அளவு தெரியும்.

நம் ஊரில் நான் பயப்படும் அலை வேறு. கேட், கிரில் பட்டறையில் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பிடிக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்திலும் புற ஊதா உண்டு. அடித்த உடனே தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி உறுத்தித் தூங்க விடாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் அதே கதிதான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினின் யுவி விளக்கையும் எரியும்போது திறந்து பார்க்கக் கூடாது. இதற்கெல்லாம் ஸ்டிக்கர் விற்க முடியாதே, அதனால் எந்த மீட்டர்க்காரனும் பேச மாட்டான்.

பில் என்று கொடுத்த தாளில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. போன் நம்பர் சுவிட்ச் ஆஃப். நல்ல வேளையாக 3,500 ரூபாயை மட்டும் மகள் ஜிபேயில் அனுப்பியிருந்தாள், அந்த விவரத்தை வைத்துத்தான் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறேன். பில் சரியாக வைத்திருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். பணமாகக் கொடுத்திருந்தால் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

வெள்ளை ஆம்னி வண்டி, ஒருத்தர் ஒல்லி, இன்னொருத்தர் தொப்பி போட்டவர். கடைசியாகக் காங்கேயம் தாண்டி வெள்ளக்கோயில் பக்கம் போனதாகக் கேள்வி. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.