கிராவல் குவாரிக்குச் சுரங்கத் திட்டம் தயாரித்துத் தரும் சேவை: நிலக்காரர் ஒருவரின் மதிப்பீடு

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் மேட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. மேலே ஓரடி மண்ணை விலக்கினால் கிராவல் என்னும் சரளை மண்தான். அதற்கும் கீழே செம்பூரான் கல். மானாவாரிக் கடலை கட்டுப்படியாகாமல் போனபின், மூன்று ஆண்டுகளுக்குக் கிராவல் எடுக்க விட்டுவிட்டு, பிறகு நிலத்தை மறுபடி விவசாயத்துக்கே திருப்பிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதற்கான சுரங்கத் திட்ட அறிக்கையையும் (எப்படித் தோண்டி, எப்படி மூடுவது என்று சொல்வது) அனுமதி வேலைகளையும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவையை நாடும் பிறருக்குப் பயன்படும் என்பதால், கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிம (கிராவல், மணல் போன்றவை) குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. சுற்றிலும் 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளையும் சேர்த்துப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால், விரிவான ஆய்வறிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று வேலை நீண்டுவிடும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே இவர்கள் எங்கள் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்து, அந்தச் சிக்கல் இல்லை என்று உறுதி செய்தார்கள். கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிய மூன்று இடங்களிலும் எந்தத் தாளை எப்போது வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அளவீடும் நேர்த்தியாகவே இருந்தது. 2.83 ஹெக்டேர் நிலம், 2.7 மீட்டர் ஆழக் கிராவல், ஆகவே 76,000 கனமீட்டருக்கு மேல் கிடைக்கும் என்று நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்துப் பட்டாக்களுக்காக நான்கு பக்கமும் 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்றும், கிராவல் போன்ற இளகிய மண்ணில் குழியின் ஓரத்தைப் படிபடியாக வெட்டும்போது ஒரு படியின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்றும் விதிகளைக் காட்டி, குறுக்குவெட்டு வரைபடத்தோடு அவர்கள் கணக்கிட்டபோது 61,800 கனமீட்டர்தான் தேறியது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கிராவலை எடுக்கும் ஒப்பந்ததாரரிடம் யூனிட் கணக்கு (கிராவலை அளந்து விற்கும் கணக்கு) பேசுவதற்கு முன்பே இது தெரிந்ததால், பின்னால் வரக்கூடிய ஒரு சண்டை மிச்சமாயிற்று.

குறை முழுவதும் அறிக்கையின் பின்பாதியில், அதாவது குவாரியை மூடி நிலத்தைச் சீரமைக்கும் பகுதியில் இருந்தது. ஹிட்டாச்சியால் அள்ளி டிப்பரில் ஏற்றும் கிராவலுக்கு, வெடிமருந்தைப் பத்திரப்படுத்தும் முறை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். ஏதோ கருங்கல் குவாரி அறிக்கையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அது. அதையாவது சிரித்துக்கொண்டே அடித்துவிடலாம். அறிக்கையின் ஒரு பக்கத்தில் அந்த 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளிக்குள் மரம் நடப்படும் என்றும், நான்கு பக்கம் தள்ளி அதே இடத்தில் மேல்மண் குவிக்கப்படும் என்றும் இருந்ததைத்தான் என்னால் விட முடியவில்லை. தோண்டும் பரப்பின் மேல்மண் மட்டும் 7,000 கனமீட்டர் வரும். அதை ஆளுயரத்துக்கு மேல் குவித்தால் குவியலின் அடியில் உள்ள மண்ணுக்குக் காற்றுப் போகாமல் அதன் உயிர்ப்புக் கெடும் என்பதால், ஒன்றரை மீட்டர் உயரம் என்றே வைத்துக்கொண்டாலும் 4,700 சதுர மீட்டர் இடம் வேண்டும். இடைவெளியின் மொத்தப் பரப்போ 4,900 சதுர மீட்டர். மரத்தை எங்கே நடுவது?

இதைத் தாளில் கணக்காக எழுதிக்கொண்டு நேரில் போனேன். "எல்லா அறிக்கையிலும் இப்படித்தான் சார் போடுவோம், யாரும் கேட்டதில்லை" என்றார் வரைபடம் போடும் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுடைய மூத்த புவியியலாளர் அன்று மாலையே என்னோடு உட்கார்ந்து, நிலத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்து வேலை வரிசையையே மாற்றினார். முதற்பட்டையின் மேல்மண் கடைசியாகத் தோண்டப்போகும் மூன்றாம் பட்டையின் மேல் குவித்து வைக்கப்படும். இரண்டாம் பட்டையின் மேல்மண் குவியலுக்கே போகாமல், தோண்டி முடித்த முதற்பட்டையின் தரையில் நேரடியாகப் பரப்பப்படும். மூன்றாம் ஆண்டில் அந்தப் பழைய குவியல் இரண்டாம் பட்டைக்கு நகரும். மூன்றாம் பட்டை ஊருணியாக நிற்கும். அதன் மேல்மண் கரைச்சரிவுகளுக்கும் வரப்பு மரங்களுக்கும் போகும். ஆக, மூன்று ஆண்டும் காத்திருக்காமல் இரண்டாம் ஆண்டே முதற்பட்டையில் கொள்ளோ கடலையோ விதைத்துப் பார்க்கலாம்.

ஊருணியின் ஒரு பக்கத்தையாவது, ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் நீளும் சரிவாக விட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். படிப்படியாகச் செங்குத்தாக நிற்கும் குழியில் ஐப்பசி மழைத் தண்ணீர் நிறைந்தால், உள்ளே இறங்கிய ஆடோ பிள்ளையோ ஏறி வர வழியிருக்காது. சரிவுக்குள் அடங்கும் கிராவலை எடுக்க முடியாது என்பதால் ஒப்பந்ததாரர் முகம் சுளித்தார். நிறுவனம் என் பக்கம் நின்றது. பொத்தாம் பொதுவாக ‘மரக்கன்றுகள்’ என்று இருந்த இடத்தில் வேம்பு, புங்கன், நாவல், பனை என்று பெயர் சொல்லி எழுதவும் ஒப்புக்கொண்டார்கள்.

திருத்திய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அளவீட்டுக்கும் அனுமதிக்கும் இவர்களைத் தயங்காமல் நாடலாம். சீரமைப்புப் பகுதியை மட்டும் கையெழுத்துப் போடுமுன் வரைபடத்தோடு ஒப்பிட்டு வரி வரியாகப் படியுங்கள். இன்னொன்று: பட்டை மாறும்போதெல்லாம் ஆழத்தையும் சரிவையும் மறுபடி அளந்து தருவதாக வாய்மொழியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் அது இல்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.