கீமோவுக்குப் பிந்தைய தொடர் கண்காணிப்புப் பிரிவு: பதினான்கு மாதங்கள் சென்றுவந்த ஒருவரின் மதிப்பீடு

பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் அதைத் தொடர்ந்த கீமோதெரபியும் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த பிறகுதான், சிகிச்சை முடித்தவர்களின் நீண்டகாலப் பக்கவிளைவுகளைக் கவனிப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. அதுவரை ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள்" என்ற செய்தியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு வந்த எனக்கு, கால்விரல்கள் மரத்துக் கிடப்பதைச் சொல்ல அந்தச் சில நிமிடச் சந்திப்பில் இடம் இருக்கவில்லை. இடம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகமே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, போன தலைப்பாகைக்காகப் புலம்புவது நன்றிகெட்டத்தனமாகத் தோன்றியது. அந்தப் பிரிவுக்குப் பதினான்கு மாதங்களில் ஒன்பது முறை சென்றுவந்த அனுபவத்தில், அது எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்குக் கீமோவில் பன்னிரண்டு சுழற்சிகள் திட்டமிடப்பட்டு, கைவிரல்களில் மதமதப்பு நிலைத்துவிட்டதால் பத்தாவது சுழற்சியோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டின வகை மருந்து மட்டும் நிறுத்தப்பட்டது. மருந்தை நிறுத்தினால் மதமதப்பும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த மூன்று, நான்கு மாதங்களில் அது கைகளிலிருந்து பாதங்களுக்கும் பரவி முன்னைவிட மோசமானது. அந்த நாட்களில் நோயே திரும்பிவிட்டதோ என்று நான் பட்ட கலக்கத்துக்குக் காரணமே இருக்கவில்லை என்பதை, இந்தப் பிரிவின் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே விளக்கினார். பிளாட்டின வகை மருந்துகள் முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் தங்கிப்போவதால், மருந்து நின்ற பிறகும் இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை பாதிப்பு வளர்ந்துகொண்டே போவது அறியப்பட்ட ஒன்றுதானாம். உடலின் மிக நீளமான நரம்புகள் பாதத்தை நோக்கிச் செல்பவை என்பதால், காலுறை அணிந்ததைப் போலவும் கையுறை அணிந்ததைப் போலவும் மரப்பு நுனியிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. இந்த ஒரு விளக்கத்தை மூன்றாண்டுகளுக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதல் சந்திப்பு ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் நீடித்தது. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதிரவிட்ட 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை என் கால் பெருவிரல் மூட்டில் வைத்து, அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் உலோகத்தின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. கணுக்காலில் மங்கலாகத் தெரிந்தது, முழங்காலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைப் பல இடங்களில் தொட்டு, உணர்ந்த இடங்களையும் உணராத இடங்களையும் படத்தில் குறித்தார்கள். பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னபோது நான் பக்கவாட்டில் சாய்ந்துபோனேன். ஒற்றைக் காலில் ஆறு நொடிகளுக்கு மேல் நிற்க இயலவில்லை. சட்டைப் பொத்தான்களைப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக்கூட நொடிமானியை வைத்து அளந்தார்கள்.

இவற்றில் ஒன்றுகூட எனக்கு நல்ல செய்தியாக இருக்கவில்லை. இருந்தும் வெளியே வரும்போது மனம் இலேசாக இருந்தது. அதுவரை "பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது", "எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது" என்று உவமைகளாலேயே சொல்லிவந்த ஒன்று, முதன்முறையாக எண்களாகவும் படமாகவும் தாளில் ஏறியிருந்தது. உவமையைக் கேட்பவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆறு நொடி என்பதை அடுத்த முறையும் அளந்து பார்க்கலாம். நான் தனி ஆள் இல்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. நரம்பைப் பாதிக்கும் கீமோ மருந்துகளைப் பெற்றவர்கள் பற்றிய முப்பத்தோரு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரை, சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதத்தினருக்கும், ஆறு மாதங்களுக்குப் பிறகும் 30 சதவீதத்தினருக்கும் இந்தப் பாதிப்பு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது.

அடுத்த பெரும்பகுதி பிசியோதெரபி. இதைப் பற்றி விரிவாகச் சொல்லக் காரணம், இதிலிருந்து பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காமல்தான் சென்றேன் என்பதே. இறந்த நரம்பை இந்தப் பயிற்சி உயிர்ப்பிக்காது என்று பயிற்சியாளரே முதலில் சொல்லிவிட்டார். பாதத்திலிருந்து வரவேண்டிய தகவல் குறைந்துபோனதால், கணுக்கால், இடுப்பு, கண், உட்செவி ஆகியவற்றிலிருந்து வரும் தகவலைக் கொண்டு நிலையாக நிற்க மூளையைப் பழக்குவதுதான் நோக்கம் என்றார். சுவரை ஒட்டி நின்று குதிகாலைக் கால்விரல்களோடு சேர்த்துவைத்து நடப்பது, நுரைமெத்தையின் மேல் நிற்பது, நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது, பிறகு இவற்றையே தலையைத் திருப்பிக்கொண்டும் பேசிக்கொண்டும் செய்வது எனப் படிப்படியாகச் சென்றது. பேசிக்கொண்டே நடப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. ஒவ்வோர் அடியையும் நான் எவ்வளவு யோசித்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமலேயே பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் பட்டை வைத்த, அடிப்பகுதி அகலமான காலணிக்கு மாறச் சொன்னதும், இரவில் குளியலறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிய வேண்டும் என்று வற்புறுத்தியதும் மிக எளிய ஆலோசனைகள். ஆனால் கண்ணை நம்பி நிற்பவருக்கு இருட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை, கண்ணை மூடிச் சாய்ந்த அந்தச் சோதனைக்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கை வேலைகளுக்கான சிகிச்சையாளர் தந்தவற்றில், பொத்தான் மாட்டும் கம்பிக் கொக்கியை இரண்டு நாட்களுக்கு மேல் நான் தொடவில்லை. சாவியின் தலையில் பொருத்தும் தடித்த பிடியோ இன்றும் என்னோடு இருக்கிறது. தண்ணீரின் சூட்டை விரலால் அல்லாமல் முழங்கையால் சோதிப்பது, ஒவ்வோர் இரவும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய இரண்டு பழக்கங்களையும் அவரிடமிருந்தே கற்றேன்.

மருந்து விஷயத்தில் இந்தப் பிரிவு காட்டிய நேர்மை குறிப்பிடத்தக்கது. கீமோவால் வரும் நரம்பு வலிக்கு நல்ல ஆய்வில் பயன் காட்டியிருக்கும் மருந்து டுலாக்ஸெட்டின் ஒன்றே என்றும், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதை மட்டுமே பரிந்துரைக்கிறது என்றும், அந்தப் பரிந்துரையும் வலிக்குத்தானே தவிர வெறும் மரப்புக்கு அல்ல என்றும் தெளிவாகச் சொன்னார்கள். 2013-இல் வெளியான, 231 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும் வலி ஓரளவாவது குறைந்திருந்தது. அந்த இடைவெளி பெரிதா, சிறிதா என்பதை அவரவர் வலிதான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு இரவில் வரும் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. முதல் பத்து நாட்கள் குமட்டலும் தலைச்சுற்றலும் இருந்தன. தானாக நிறுத்திவிடக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள்.

அதைவிட முக்கியமானது, நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளில் சிலவற்றை நிறுத்தியது. நரம்புக்கு நல்லது என்று யார்யாரோ சொன்னதைக் கேட்டு, பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்காக எடுத்துவந்திருந்தேன். அதிக அளவில் பி6 எடுத்தாலே உணர்வு நரம்புகள் கெடக்கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மரப்பு வராமல் தடுக்கும் என்று நம்பப்பட்ட அசெட்டைல்-எல்-கார்னிட்டின், மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸேன் வகை மருந்து பெற்ற பெண்களிடம் நடந்த ஆய்வொன்றில் மரப்பைக் கூட்டியே விட்டது என்பதையும் இங்கேதான் கேட்டேன்.

களைப்பைப் பொறுத்தவரை, "ஓய்வெடுங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. 113 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, புற்றுநோய்க் களைப்புக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் மேலானவை என்று கண்டிருப்பதைக் காட்டி, வாரத்தில் மூன்று நாட்கள் அரைமணிநேர வேகநடையை இலக்காக வைத்தார்கள். அதற்கு முன் தைராய்டு, இரத்தச்சோகை, தூக்கம் ஆகியவற்றைச் சோதித்தது சரியான வரிசை. நான் எட்டு நிமிடங்களில் தொடங்கினேன். அரைமணியை எட்ட ஐந்து மாதங்கள் ஆயின. மறதிக்கும் கவனச்சிதறலுக்கும் கிடைத்தது ஒரே ஒரு சந்திப்பும் ஒரு குறிப்பேட்டு ஆலோசனையும்தான். அந்தப் பகுதி பெயரளவில் மட்டுமே இருக்கிறது.

இனி குறைகள். இத்தகைய பிரிவின் அடிப்படையான கடமை, பெற்ற சிகிச்சையின் சுருக்கத்தை எழுத்தில் தருவது. சிகிச்சை முடித்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு சுருக்கமும் எதிர்காலக் கண்காணிப்புத் திட்டமும் தரப்பட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்து இரண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு அது நான்காவது சந்திப்பில்தான் கிடைத்தது. கிடைத்ததிலும் பிழை இருந்தது. பத்துச் சுழற்சிகளில், உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராம் வீதம் நான் பெற்ற ஆக்சாலிபிளாட்டின் மொத்தம் சதுர மீட்டருக்கு 850 மில்லிகிராம். சுருக்கத்திலோ திட்டமிட்ட பன்னிரண்டு சுழற்சிகளையும் முழுதாகக் கணக்கிட்டு 1,020 என்று எழுதியிருந்தார்கள். என் பழைய நாட்குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டி அதைத் திருத்த மேலும் இரண்டு சந்திப்புகள் தேவைப்பட்டன. இது எழுத்தர் வேலையின் சிறு பிழை என்று ஒதுக்கத்தக்கது அல்ல. நோய் திரும்பினால் அதே மருந்தைத் தரலாமா என்று முடிவெடுப்பவர் இந்த எண்ணையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார். என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவரைப்போல டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைப் பெற்றவர்களுக்கோ, மொத்த அளவு ஏற ஏற இதயம் பலவீனமடையும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போகிறது; சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமில் 5 சதவீதமாக இருந்த அது 550-இல் 26 சதவீதமாக உயர்ந்ததாக 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. இதயத்துக்கான எக்கோ பரிசோதனை எத்தனை முறை தேவை என்பதே அந்த எண்ணைப் பொறுத்தது. ஆகவே சுருக்கத்தைப் பெறுபவர்கள் அதை உறையில் போட்டு வைத்துவிடாமல், தம்மிடமுள்ள பழைய தாள்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இரண்டாவது குறை கேள்வித்தாள். ஒவ்வொரு வருகையிலும் நிரப்பவேண்டிய அந்த நான்கு பக்கங்களில் தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வாகனம் ஓட்டுவதைப் பற்றியும் இல்லை. பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாமல் நான் ஓட்டிக்கொண்டிருந்ததை ஆறாவது சந்திப்பில் நானாகச் சொன்ன பிறகுதான், மருத்துவர் திடுக்கிட்டு, உரிய சோதனை முடியும்வரை ஓட்ட வேண்டாம் என்றார். கேட்டால் கனிவாகப் பதில் சொல்கிறார்கள். கேட்காததை அவர்களாகத் தேடி எடுப்பதில்லை. மாதந்தோறும் நடக்கும் குழுச் சந்திப்புக்கு இரண்டு முறை சென்றேன். அங்கே நம்பிக்கை ஊட்டுவதிலேயே நேரம் போய்விடுவதால், குறை சொல்ல வந்தவர்கள் அதைச் சொல்லாமலே திரும்புகிறார்கள்.

கீமோ முடிந்து ஓராண்டுக்குள் இருப்பவர்களுக்கும், வலியோ தடுமாற்றமோ உள்ளவர்களுக்கும் இத்தகைய பிரிவை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். மரப்பு முழுவதும் போய்விடும் என்ற எதிர்பார்ப்போடு செல்பவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். மறதிதான் முதன்மையான தொல்லை என்றால் வேறிடம் தேடுவது நல்லது. இன்னும் சிகிச்சையைத் தொடங்காதவர்கள், தம் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: 2018-இல் வெளியான, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகளின் தரவைத் தொகுத்த ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பதில் மூன்று மாதங்களே சிகிச்சை பெற்றவர்களிடம் நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது; தம் நோயின் நிலைக்கு அந்தக் குறுகிய காலம் போதுமா என்பதே அந்தக் கேள்வி.

ஒன்பதாவது சந்திப்பில் மீண்டும் எல்லாவற்றையும் அளந்தார்கள். ஒற்றைக் காலில் பத்தொன்பது நொடிகள் நின்றேன். கண்ணை மூடியபோது ஆடினேன், ஆனால் சாயவில்லை. பெருவிரலில் இசைக்கவையை வைத்தபோது அன்றைப்போலவே உலோகத்தின் குளிர்ச்சி மட்டுந்தான் இருந்தது; "இல்லை" என்றேன், பழைய "இல்லை"க்குக் கீழே அவர் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த சந்திப்பு ஆறு மாதங்கள் கழித்து.