ஹைட்ராலிக் போனால் கைக்கு என்ன மிஞ்சும்? 737-உம் ஏ320-உம்

டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) எடுக்கும்போது ஏர்பஸ் ஏ320-ஐ விட்டு போயிங் 737-ஐத் தேர்ந்தெடுத்தேன். காக்பிட் வசதி, வேலைவாய்ப்பு பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: இறக்கையிலும் வாலிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்கும் ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் மொத்தமும் போனபின் விமானி தன் கை பலத்தால் எதையாவது செய்ய முடியுமா?

ஏ320-இல் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். மூன்றும் சேர்ந்து போவது மிக அரிது. போனால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எய்லரானையோ (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) எலிவேட்டரையோ (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அசைக்க வழியில்லை; எஞ்சின் த்ரஸ்ட் (உந்துவிசை) ஒன்றுதான் மிச்சம். 2003-இல் பாக்தாதில் ஏவுகணை தாக்கிய ஏ300 சரக்கு விமானத்தில் மூன்று அமைப்புகளும் போயின. த்ரஸ்டை மட்டும் வைத்தே இறக்கினார்கள். அபாரமான திறமை, ஆனால் அதை நம்பி நான் விமானம் ஏற மாட்டேன்.

737-இல் ஏ, பி என்ற இரண்டு முக்கிய ஹைட்ராலிக் அமைப்புகளும் போனாலும் எய்லரானும் எலிவேட்டரும் கேபிள் வழியாக யோக்கோடு (விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடி) இணைந்தே இருக்கும். ரடருக்கு (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) தனியாக ஸ்டாண்ட்பை, அதாவது மாற்று, ஹைட்ராலிக் உண்டு. நான் இதைப் பழகியது சிமுலேட்டரில்தான். யோக்கைத் திருப்பினால் முதலில் கொஞ்ச தூரம் எந்தப் பதிலும் வராது, அப்புறம் கனக்கும்.

அந்தக் கனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, பயணிகள் ஜெட்டின் மூக்கை ஏற்றி இறக்க இரு கைகளாலும் கொடுக்க வேண்டிய விசை கொஞ்ச நேரத்துக்கு 75 பவுண்டு வரை, அதாவது 34 கிலோ அளவு, போகலாம். நீண்ட நேரத்துக்கு 10 பவுண்டுதான். இந்த இடைவெளியைக் குறைப்பது ட்ரிம், அதாவது வாலின் கிடைமட்ட இறக்கையின் கோணத்தை மாற்றி யோக்கின் கனத்தைக் குறைக்கும் ஏற்பாடு. 737-இல் அது மின்மோட்டாரில் ஓடுவதால் ஹைட்ராலிக் போனாலும் வேலை செய்யும்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்கு. 2019-இல் விபத்துக்குள்ளான எத்தியோப்பிய 737 மேக்ஸில் ஹைட்ராலிக் நன்றாகவே இருந்தது. ஆனால் மின் ட்ரிம்மை அணைத்தபின், அந்த வேகத்தில் ட்ரிம் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. 737-ஐ விரும்புகிற நானும் இதை ஒதுக்கிவிட முடியாது.

ஒல்லியான உடம்புக்காரர்கள் இதற்காக 737-ஐத் தவிர்க்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, ட்ரிம்மைச் சரிசெய்து, ஓடுபாதையை நோக்கி நீண்ட நேரான அப்ரோச்சில் வந்தால் விசை கைக்கு அடங்கும். இரண்டு யோக்குகளும் இணைந்திருப்பதால், தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரின்போது பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து இழுக்கலாம்.