சிமெண்ட் வைத்த இடுப்பா, வைக்காததா?

பாம்பனில் பாசி எடுக்கப் போய்ப் பாறையில் வழுக்கி விழுந்தபோது அம்மாவுக்கு 71 வயது. தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். சிமெண்ட் வைத்தா, வைக்காமலா என்பதில்தான் வீட்டில் வழக்கு. அதற்கு முந்தின வருடம் மச்சானுக்கு, ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை செத்துப்போனதால், 46 வயதில் சிமெண்ட் இல்லாத மூட்டு வைத்திருந்தார்கள். "மருமகனுக்கு வச்சதையே எனக்கும் வைக்கச் சொல்லுப்பா" என்றாள் அம்மா.

நாளடைவில் வலி குறைவது, நடப்பது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எலும்பு எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

புது மூட்டில், தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு ஒன்று உண்டு. சிமெண்ட் இல்லாத தண்டு பூவரசம் போத்து மாதிரி. சொரசொரப்பான தண்டை இறுக்கமாக அடித்து இறக்குவார்கள். உயிருள்ள எலும்பு அதன் துளைகளுக்குள் வளர்ந்து பிடிக்க வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். மண் நன்றாக இருந்தால்தானே போத்து வேர்விடும்? அம்மாவின் எக்ஸ்ரேயில் தொடை எலும்பு பப்பாளித் தண்டு போல இருந்தது: ஓரம் மெலிசு, நடுவில் அகலமான குழல். அதில் அடித்து இறக்கினால் எலும்பில் விரிசல் விழலாம். பிறகு சின்ன விழுதலிலும் தண்டைச் சுற்றி முறியலாம். வயதான பெண்களுக்கு இந்த முறிவு சிமெண்ட் இல்லாத தண்டில்தான் அதிகம். சிமெண்ட்தான் என்ற எங்கள் முடிவு இதில்தான் நின்றது.

சிமெண்ட் என்றால் வீடு கட்டுவது இல்லை, அக்ரிலிக் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். 1960 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் பரவலாக்கியது. பசை போல ஒட்டாது. குழைவாக இருக்கும்போதே பஞ்சு போன்ற எலும்பின் பொந்துகளில் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் இறுகிக் கவ்விக்கொள்ளும். வேர் பிடிக்கக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே வாக்கரைப் பிடித்து அம்மா நின்றுவிட்டாள். மச்சானோ ஆறு வாரம் ஊன்றுகோலோடு திரிந்தார்.

சிமெண்டைச் சுற்றி எலும்பு கரைவதைப் பார்த்து முன்பு 'சிமெண்ட் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டிலும் எலும்பு அதே மாதிரி கரைந்த பிறகுதான், இடுப்புக் குழியில் வைக்கும் கிண்ணத்தின் பிளாஸ்டிக் தேய்ந்து உதிரும் தூள்தான் பெரிய குற்றவாளி என்று தெரிந்தது. தூளை விழுங்கும் செல்கள், எலும்பைத் தின்னும் செல்களைக் கிளப்பிவிடுகின்றன. அதனால் கிண்ணம் என்ன ரகம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிமெண்டிலும் குறை உண்டு. அதை உள்ளே செலுத்தும் நேரத்தில் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கலாம், இதயக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னால் மூட்டை மாற்ற நேர்ந்தால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. 46 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு முக்கியம், அதனால் மச்சானுக்குச் செய்ததும் சரிதான்.

அம்மாவுக்கு ஆகி இரண்டு வருடம்தான். பதினைந்தாம் வருடத்தைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. போன மாத எக்ஸ்ரேயில் சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே, பிடி தளர்வதைக் காட்டும் கருப்புக் கோடு விழவில்லை. குத்தவைக்கக் கூடாது என்பதால் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து மீன் ஆய்கிறாள். பாசிக்குப் போகவேண்டுமாம், அதற்குத்தான் தினமும் சண்டை.