ஏற்காட்டுக் குளிருக்குக் கரி அடுப்பு, அதற்குக் காவலாக ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம்: பயன்பாட்டு அனுபவம்

மணமும் நிறமும் இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டால் கத்தும் அலாரம் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிப் போடலாமா என்று கொட்டச்சேட்டிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார். பேட்டரியில் ஓடி, சின்னத் திரையில் எண் காட்டும் வகை. வீட்டு அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 50291-இன்படி 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு வாயு) நீடித்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். அந்தக் கணக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. அதிகபட்ச அளவை நினைவில் வைத்திருக்கும் பட்டன் எதிர்பாராத நன்மை. இரவெல்லாம் 20 பிபிஎம் கசிந்தால் அலாரம் அடிக்காது. காலையில் அந்தப் பட்டன் காட்டிக்கொடுத்துவிடும்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், இன்வெர்ட்டர் பேட்டரி. கரண்ட் போய் வந்ததும் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறி, நிறையும் கட்டத்தில் ஹைட்ரஜன் வெளிவரும். அலாரத்தில் இருக்கும் மின்வேதி சென்சார் அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்கிறது. அடுப்பு பற்றவைக்காத நாளிலும் எண் ஏறுகிறது. மழையும் காற்றும் அடிக்கிற ராத்திரியில்தான் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். அடுப்பு எரிவதும் அதே ராத்திரியில்தான்.

பேட்டரிதானே என்று விட்டுவிடவும் முடியாது. கரண்ட் வந்த கையோடு சமையலறை எக்சாஸ்ட் ஃபேனும் சுற்றத் தொடங்கும். குளிருக்காகக் கதவு ஜன்னல் சாத்திய வீட்டில், ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். தணல் அடங்கிய நேரத்தில் புகைக்குழாயில் சூடும் இழுவையும் குறைந்திருக்கும், அதனால் காற்று அந்த வழியாகவே இறங்கி வாயுவை அறைக்குள் கொண்டுவரும். பொய் அலாரமும் மெய் அலாரமும் ஒரே நேரத்தில் வரலாம் என்பதால் முதலில் ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். எதனால் என்று பிறகு பார்க்கலாம். பேட்டரியைக் காற்றோட்டமான வராந்தாவுக்கு மாற்றினால் தொல்லை பெருமளவு குறையும். டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி குறைந்தால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது, இல்லை பேட்டரி தேய்ந்துவிட்டது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அடுப்பு எரிகிற நேரத்தில் எக்சாஸ்ட் ஃபேன் போடவே வேண்டாம்.

புகை இல்லையே, ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். புகையே இல்லாமல் கனன்று கிடக்கும் தணல்தான் மோசம். தணலின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே சிவந்திருக்கும் கரியைத் தாண்டும்போது கார்பன் மோனாக்சைடாகிறது. மேலே நீலச் சுடர் ஆடினால் அந்த வாயு அங்கேயே எரிந்துபோகிறது என்று பொருள். ஒரு வாளிக் கரியை மொத்தமாகக் கொட்டினால் சுடர் அணைந்து வாயு எரியாமல் எழும். ஆகவே புதுக் கரியை ஒரு பக்கமாகப் போட்டு, மறுபக்கம் தணல் தெரியும்படி விடுங்கள். விடியும்வரை சூடு நிற்கட்டும் என்று குழாயின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரை இறுக்கி மூடக் கூடாது. நீறு பூத்த நெருப்பை அணைந்ததாக எண்ணி மூடுவதும் அதே தவறுதான்.

குழாயின் படுக்கைப் பகுதிக்கு அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம் வேண்டும். முனை, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்து, 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும். குளிர்காலம் தொடங்குமுன் துருப்பிடித்த இணைப்புகளையும் குருவிக்கூட்டையும் பாருங்கள். பனி மூடிய காலையில் சில்லிட்ட குழாய் இழுக்காது. முதலில் செய்தித்தாளைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். குழாயே இல்லாத கும்மட்டி அடுப்பை, ஜன்னல் திறந்திருந்தாலும், தூங்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சேலத்துக் கடைகளில் கேஸ் டிடெக்டர் என்று கேட்டால் பெரும்பாலும் சமையல் கேஸுக்கானதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதுவும் புகை அலாரமும் இந்த வாயுவைப் பிடிக்காது. அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி ஒன்று, படுக்கையறையில் படுத்திருப்பவர் மூச்சு விடும் உயரத்தில் ஒன்று மாட்டுங்கள். டெஸ்ட் பட்டன் சத்தத்தையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கும். சென்சாரின் ஆயுளுக்குப் அலாரத்தின் பின்பக்கத் தேதிதான் கணக்கு. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம், விஷம் ஏறிய ரத்தத்துக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஹைட்ரஜனைக் கழித்துக் கணக்கிடும் சென்சார் தொழிற்சாலைக் கருவிகளில் உண்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் உள்ள ஊரில் விற்கும் பொருளில் அது இல்லாதது எனக்கு ஆறவே இல்லை. 5-க்கு 2 தான் தருவேன். படுக்கையறைக்கு இன்னொன்றும் வாங்கப் போகிறேன்.