ஹூக் அடிப்பவருக்கு பிங் ஜி425 மேக்ஸ் டிரைவர் எவ்வளவு உதவும்?

கோல்ஃபில் நெடுந்தொலைவு அடிக்கும் மட்டையான டிரைவரில், திருத்தியமைக்கக்கூடிய வகைகளுக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் ஸ்லைஸ் (பந்து வலப்புறம் வளைந்தோடுவது) அடிப்பவர்களையே மனத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. பந்து இடப்புறம் கடுமையாக வளைந்தோடும் ஹூக் பழக்கம் உள்ளவர்களுக்கு (இங்கே வலக்கை ஆட்டக்காரரை வைத்தே பேசுகிறேன், இடக்கையினர் திசைகளை மாற்றிக்கொள்ளலாம்) அதே டிரைவரை எப்படி அமைப்பது என்று சொல்பவர்கள் குறைவு. அந்தக் கண்ணோட்டத்தில்தான் பிங் நிறுவனத்தின் ஜி425 மேக்ஸை இங்கே மதிப்பிடுகிறேன்.

இதன் தலை (பந்தில் படும் பகுதி) 460 கன சென்டிமீட்டர். விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு அதுவே. தலையின் பின்விளிம்பில் 26 கிராம் டங்ஸ்டன் எடை ஒன்று உள்ளது. அதை டிரா (பந்து இலேசாக இடப்புறம் வளைய), நடுநிலை, ஃபேட் (இலேசாக வலப்புறம் வளைய) என்னும் மூன்று இடங்களில் பொருத்தலாம். ஃபேட் இடத்தில் வைத்தால் எடை டோ பக்கம் (தலையின் வெளிமுனை) நகர்ந்து, தலையின் ஈர்ப்பு மையமும் சற்று அந்தப் பக்கம் போகிறது. அதனால் முகப்பு மூடிக்கொள்ளும் (இடப்பக்கம் திரும்பும்) வேகம் ஓரளவு குறைகிறது; முகப்பின் நடுவில் பட்ட பந்துக்கும் இலேசான ஃபேட் சுழற்சி சேர்கிறது. டோ பக்கம் பட்டே ஹூக் விழுபவர்களுக்கு இந்த மாற்றம் கூடுதலாகப் பலன் தரும். முகப்பில் பாதங்களுக்கான பவுடர் ஸ்பிரே அடித்துவிட்டுச் சில பந்துகளை அடித்தால், தாம் அந்த வகையா இல்லையா என்பது தடத்திலேயே தெரிந்துவிடும். எடையை நகர்த்துவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

ஆனால் ஹூக் அடிப்பவருக்கு எடையைவிட முக்கியமானது ஷாஃப்டும் (மட்டையின் தண்டு) தலையும் சேரும் இடத்திலுள்ள எட்டு நிலை ஸ்லீவ் (திருப்பிப் பொருத்தும் உறை) என்பது என் கருத்து. லாஃப்டை (முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அது 1.5 பாகை வரை கூட்டவோ குறைக்கவோ செய்யும். 'ஃப்ளாட்' நிலைகளில் லை கோணத்தை (தரைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ளது) 3 பாகை வரை தாழ்த்தும். லை தாழ்ந்தால் முகப்பு பார்க்கும் திசை சற்றே வலப்பக்கம் திரும்பும். டிரைவரின் லாஃப்ட் சிறியதாகையால் இந்த மாற்றம் ஒரு பாகைக்கும் குறைவே. ஆயினும் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகப்பே தீர்மானிப்பதால், தொலைவில் அது கண்ணுக்குத் தெரியும்.

லாஃப்டைக் குறைக்கும்போது முகப்பு திறந்து (வலப்பக்கம் திரும்பி) அமரும் என்பதை நம்பி 9 பாகைத் தலையை வாங்கி அதையும் குறைத்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லாஃப்ட் குறைந்தால் பின்சுழற்சியும் குறையும். அப்போது முகப்புக்கும் ஸ்விங் பாதைக்கும் (அடிக்கும்போது தலை நகரும் வழி) இடையிலுள்ள அதே வேறுபாடு பந்தை இன்னும் கூடுதலாக வளைக்கும். ஏற்கெனவே தாழ்ந்து ஓடும் ஹூக், மேலும் தாழ்ந்து ஓடும். ஆகவே 12 பாகைத் தலையை எடுத்து, 1.5 பாகை குறைத்து, முகப்பு சற்றுத் திறந்த 10.5 பாகையாக ஆடுவதே பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. தலையின் மேல் 12 என்ற எண்ணைக் கண்டு கூச்சப்படுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இனி, இந்த டிரைவரால் ஆகாதது. ஹூக்கின் முதன்மைக் காரணம்: பந்தைத் தொடும் நொடியில் முகப்பு, ஸ்விங் பாதையைவிட மூடியிருப்பது. பந்து வலப்புறம் புறப்பட்டுப் பின் இடப்புறம் வளைந்தால், பாதை உள்ளிருந்து (உடல் பக்கமிருந்து) வெளியே மிகுதியாகச் செல்கிறது என்று பொருள். இதை எந்தத் திருகும் திருத்தாது, டீயின் (பந்தை நிறுத்தும் சிறு குச்சி) மேல் பந்தைச் சற்று முன்னே வைத்து ஆடிப் பார்க்கலாம். இடப்புறமே புறப்பட்டு மேலும் இடப்புறம் போனால் முகப்பே குற்றவாளி. அப்போது முதலில் பார்க்க வேண்டியது கிரிப், அதாவது மட்டையைப் பிடிக்கும் விதம். மேலே பிடிக்கும் இடக்கையின் மூன்று நான்கு விரல் முட்டிகள் தெரியும்படி பிடித்துவிட்டு எடையைத் தள்ளுவது வீண் வேலை. இரண்டு முட்டிகள் தெரியும் அளவுக்குக் கையைத் திருப்பிய பிறகு மிஞ்சும் வளைவைத்தான் ஸ்லீவுக்கு விட வேண்டும்.

இந்த மாற்றங்களை ஆட்டம் தொடங்குமுன் செய்துகொள்ள வேண்டும். சுற்றின் நடுவே அமைப்பை மாற்றி அந்த டிரைவரால் ஒரு அடி அடித்தாலும், விதி 4.1-இன்படி தகுதி நீக்கம்தான். ஐந்தாவது குழியில் கோபத்தோடு டிரைவரை மாற்றியமைக்கும் சாவியைத் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதே வரிசையில் எஸ்எஃப்டி என்ற தலையும் உண்டு. எடை ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் உள்முனை) நிலையாக அமைந்து ஸ்லைஸைக் குறைக்கச் செய்யப்பட்ட அதை ஹூக் அடிப்பவர் தொடவே வேண்டாம். எல்எஸ்டி தலை 445 கன சென்டிமீட்டர்; சுழற்சியைக் குறைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வேகமாக அடித்து, பந்தை மிக உயர அனுப்புபவர்களுக்கு அது ஒத்துவரலாம். தாழ்ந்த ஹூக் உள்ளவருக்கு மேக்ஸ்தான் சரி, அதுவும் கிரிப்பைத் திருத்திய பிறகு.